மெய்யான விசுவாசி யார்? மன்னார்க் கரையின் நெடுவழக்கு

இலங்கையின் 25 மாவட்டங்களில் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் ஒன்றே ஒன்று. அது மன்னார். தள்ளாடியில் தாம்போதியைக் கடந்து தீவுக்குள் நுழைந்து, தோட்டவெளி, பேசாலை வழியாகத் தலைமன்னார் வரை போகிறவருக்கு ஊருக்கு ஊர் ஒரு புனிதரின் கோயிலும் கொடிமரமும் தென்படும். இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் திருமுழுக்கும் முதல் நன்மையும் உறுதிப்பூசுதலும் காலம் தவறாமல் நடந்துவிடும். பெயரிலோ பதிவேட்டிலோ ஒரு குறையும் இராது.

ஆனால் "நீ உண்மையான கிறிஸ்தவனா?" என்ற கேள்வி சூடாகக் கேட்கப்படுவதும் இந்த மண்ணில்தான். சபைக்குப் போகிறவர், பூசைக்குப் போகும் தன் அண்ணனிடம், "நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?" என்று கேட்கிறார். அண்ணன் கோபத்தோடு திருப்பிக் கேட்கிறார்: "உங்கட சபை தொடங்கி எத்தனை வருசம்? எங்கட முன்னோர் வேதத்துக்காகத் தலை கொடுத்தவர்கள்." தம்பி தன் உள்ளத்தில் நேர்ந்த மாற்றத்தைச் சான்றாக வைக்கிறார். அண்ணன் தன் வம்சத்தின் இரத்தத்தைச் சான்றாக வைக்கிறார். இரண்டுமே எளிதில் தள்ளிவிடக்கூடிய சான்றுகள் அல்ல. ஆகவே இந்த வழக்கைத் தொடக்கத்திலிருந்து விசாரிப்பதே நியாயம்.

தொடக்கம் 1544. எதிர்க்கரையான முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணி செய்துகொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியாரிடம், தங்களுக்கும் திருமுழுக்கு வேண்டும் என்று மன்னார்க் கடற்கரை மக்கள் ஆள் அனுப்பினார்கள். அவரால் அப்போது வர முடியவில்லை. தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். பட்டிம் என்று ஐரோப்பிய ஏடுகள் குறிக்கும் ஊரில் நூற்றுக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். அவ்வூர் தோட்டவெளிப் பக்கத்தில் இருந்தது என்பது மன்னாரின் மரபு. அந்த ஆண்டின் இறுதிக்குள் யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலியின் ஆணைப்படி அவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 600 முதல் 700 பேர் வரை என்று பொதுவாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. தோட்டவெளியில் இன்று நிற்கும் வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அவர்களின் நினைவைத் தாங்குகிறது.

இவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? சவேரியாரின் முறை எல்லோருக்கும் தெரிந்தது. விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளைகள் ஆகியவற்றை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு தமிழாக்கி, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, மனப்பாடம் செய்விப்பார். பட்டிம் மக்களுக்கு அந்த அளவு பயிற்சிக்குக்கூடக் காலம் கிடைத்திருக்காது. சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். திரித்துவத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்?

வரலாற்றாசிரியர்கள் எழுப்பும் இன்னொரு கேள்வியும் உண்டு. அந்நாளில் திருமுழுக்கு என்பது தலையில் ஊற்றப்படும் தண்ணீரோடு முடிந்துவிடவில்லை. அது போர்த்துக்கேயரின் குடையின் கீழ் போவதாகவும் இருந்தது. எதிர்க்கரையில் பரதவர்கள் 1530களில் கூட்டங்கூட்டமாக மதம் மாறியபோது, முத்துச் சலாபத்தின் மேலாண்மையும் அவர்களோடு சேர்ந்து போர்த்துக்கேயரிடம் போனதைச் சங்கிலி அறிவான். அவன் கண்ணில் இவர்கள் குடிமாறியவர்கள். ஆகவே கொல்லப்பட்டது நம்பிக்கைக்காகவா, அரசியலுக்காகவா என்ற வாதம் நீள்கிறது.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஏழை மீனவன் ஒருவன் பாதுகாப்பையும் தேடியிருப்பான், கடவுளையும் தேடியிருப்பான். அவன் உள்ளத்தில் இந்த இரண்டையும் தராசு வைத்துப் பிரிக்க யாராலும் இயலாது. வாளோடு படை வந்து நின்றபோது அந்தப் பாதுகாப்பு எங்கும் இருக்கவில்லை. எஞ்சியிருந்தது புதிதாகக் கற்ற சில செபங்கள் மட்டுமே. இந்த உரையின் கணிப்பில், அவர்களை விசுவாசிகள் என்று அழைக்க அதுவே போதும்.

அதற்குப் பிறகு நடந்தது மன்னாரின் மறைக்கல்வி வகுப்புகளில் அதிகம் பேசப்படாத கதை. சவேரியார் சங்கிலியைத் தண்டிக்கும்படி போர்த்துக்கேய அதிகாரிகளை வற்புறுத்தினார். 1545இல் நாகப்பட்டினத்தில் படை திரட்டும் ஏற்பாடு நடந்தது. அவரே அங்கு போய்க் காத்திருந்தார். அந்த வேளையில் பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது. சரக்கு அரசனின் கைக்குப் போயிற்று. போர் தொடுத்தால் சரக்கு திரும்பி வராது. படையெடுப்பு கைவிடப்பட்டது. பல தலைமுறையாகத் திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவர்கள், சில வாரக் கிறிஸ்தவர்களின் இரத்தத்தை விடத் தங்கள் சரக்கே பெரிது என்று முடிவு செய்தார்கள்.

1560இல் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த பிரகான்சாவின் தலைமையில் படை வந்தே விட்டது. மன்னார் போர்த்துக்கேயர் வசமாயிற்று, கோட்டை எழுந்தது. பின்னர் அவர்களின் ஆட்சியில் திருக்கேதீச்சரம் இடிந்தது. அதன் கற்கள் இந்தக் கோட்டைச் சுவரில் இருக்கின்றன என்பது சைவ மக்களின் மரபுவழி நம்பிக்கை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. சிலுவையின் பெயரால் வந்தவர்கள் பிறருடைய வழிபாட்டிடத்தை இடித்த அந்தச் செயலை எந்த மெய்யான விசுவாசத்தோடும் சேர்த்து எண்ண முடியாது. இதை மன்னார்க் கத்தோலிக்கர் உரத்துச் சொல்ல வேண்டும். அதனால் தோட்டவெளியின் பெருமை ஒரு துளியும் குறையாது.

அதே காலத்தில் வேறொரு வகை மனிதரும் இந்தக் கரையில் இருந்தார். இயேசு சபைக் குரு என்றீக்கே என்றீக்கசு. முத்துக்குளித்துறையிலும் மன்னாரிலுமாக அரை நூற்றாண்டு உழைத்து, 1600இல் இறந்து, தூத்துக்குடியில் அடக்கமானவர். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவர் தந்தது. 1580இல், பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருவர் எப்படித் தன்னை ஆயத்தப்படுத்துவது என்பதைத் தமிழிலேயே விளக்கும் நூலையும் அச்சிட்டார். மனப்பாடச் செபத்திலிருந்து மனச்சாட்சிக்கு மக்களை நடத்திச் செல்வதே அவருடைய கவலையாக இருந்தது. தன் குற்றத்தைத் தன் மொழியில் தானே எண்ணிப் பார்ப்பவன்தான் விசுவாசி என்ற கருத்து அப்படித்தான் இக்கரையில் ஊன்றப்பட்டது.

அடுத்து வந்தவர்கள் ஒல்லாந்தர். 1658 பெப்ரவரியில் மன்னாரையும் யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையையும் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, கல்வின் மரபினர். கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. பாடசாலை ஆசிரியர் பங்கின் பதிவாளராகவும் ஆனார். ஞானஸ்நானமும் விவாகமும் அவர் வைத்திருந்த தோம்பு என்னும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் விவாகம் செல்லாது, முதுசொத்துக்கு உரிமை கோர முடியாது, உத்தியோகமும் இல்லை. பாடசாலைக்கோ பிரசங்கத்துக்கோ வராதவருக்குத் தண்டப்பணம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் பணிசெய்த போதகர் பிலிப்பு பல்தேயு, 1672இல் வெளிவந்த தம் பெருநூலில் இந்தப் பாடசாலைகளையும் மாணவர் தொகையையும் ஊர் ஊராக எழுதி வைத்தார். இங்குள்ளவர்களில் பலர் பெயரளவில்தான் கிறிஸ்தவர் என்ற மனக்குறையும் ஒல்லாந்தப் போதகர்களிடம் தொடர்ந்து இருந்தது. தண்டப்பணமும் காணி உறுதியும் கொண்டு விசுவாசத்தை வளர்த்தால் பெயர்தான் வளரும். இதில் அவர்கள் வியப்படைய ஒன்றுமில்லை.

சைவர்கள் காணிக்காக ஞானஸ்நானம் பெற்று வீட்டில் திருநீறு பூசினார்கள். கத்தோலிக்கர்கள் தோம்பில் பெயர் எழுதிவிட்டு, இரவில் மூப்பர் வீட்டில் செபமாலை சொன்னார்கள். மாந்தையில் இருந்த மாதா சுருபத்தைத் தூக்கிக்கொண்டு சில குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் போய் மருதமடுவில் குடியேறின. 1670ஐ ஒட்டி நடந்ததாகச் சொல்லப்படும் அந்த இடப்பெயர்விலிருந்துதான் இன்றைய மடுத் திருத்தலம் பிறந்தது.

ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும், 1806 மே மாதத்தில் தேசாதிபதி மேற்லண்ட் கத்தோலிக்கருக்கு முழு வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்ததும், ஒல்லாந்தத் தோம்பிலிருந்த பெருந்தொகை மணல்வீடாகக் கரைந்துபோயிற்று. காட்டில் ஒளிந்தவர்களோ கூட்டமாக வெளியே வந்தார்கள்.

இங்கே ஒரு சிக்கலை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. காட்டுக்குப் போனவர்கள் உறுதியானவர்கள், சரி. பகலில் ஒல்லாந்தப் போதகரிடம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்து, இரவில் செபமாலை சொன்ன தாயை என்னவென்று சொல்வது? இது மன்னாரில் மட்டும் எழுந்த கேள்வி இல்லை. கி.பி. 303இல் உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் தொடங்கிய வேதகலாபனையில், வட ஆபிரிக்கக் குருமார் சிலர் உயிருக்கு அஞ்சி வேத ஏடுகளை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். கலாபனை ஓய்ந்தபின் தொனாத்து என்பவரின் கட்சியினர் எழுந்து, அப்படிப்பட்டவர் செய்த திருச்சடங்குகள் செல்லா, தூயவர்களின் கூட்டமே திருச்சபை என்றார்கள். நூறாண்டுக்கு மேல் நீடித்த பிளவு அது. புனித அகுஸ்தீன் அவர்களை எதிர்த்து வாதிட்டார்: கோதுமையும் களையும் அறுவடை வரை ஒரே வயலில்தான் வளரும், பிரித்தெடுக்கும் வேலை மனிதனுடையதல்ல. (பிற்காலத்தில் அதே அகுஸ்தீன் தொனாத்துக் கட்சியினரை அரச பலத்தால் அடக்குவதையும் ஏற்றுக்கொண்டார். பெரியவர்களும் சறுக்குகிற இடம் அது.) யப்பானில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுது மனஸ்தாபச் செபம் சொன்னார்கள். 1865இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு அவர்களின் சந்ததியார் வந்து தங்களை வெளிப்படுத்தியபோது திருச்சபை அவர்களைக் கைநீட்டி ஏற்றது. இரவில் செபமாலை சொன்ன மன்னார்த் தாய்க்கும் அந்த நியாயம் உண்டு.

அப்படிப்பட்ட மக்களைத் தேடித்தான் 1687இல் கோவாவைச் சேர்ந்த குரு யோசே வாஸ் தூத்துக்குடியில் வள்ளமேறி இக்கரைக்கு வந்தார். கூலிக்காரரின் கோலத்தில் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார்; செபமாலையைப் பார்த்த கண்களின் மாற்றத்தைக் கொண்டே கத்தோலிக்கரை அடையாளம் கண்டார் என்பார்கள். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் இரகசியக் கூட்டங்களில் புகுந்து பலரைச் சிறைபிடித்தார்கள். தப்பிய வாஸ் அடிகள் பின்பு கண்டிக்குப் போனார். அங்கே 1692இல் போர்த்துக்கேய ஒற்றர் என்று அவரைக் காட்டிக்கொடுத்தது ஒரு கிறிஸ்தவர், கல்வின் மரபினரான பிரெஞ்சுக்காரர். வாஸ் அடிகளை விடுவித்து, பணி செய்ய அனுமதித்துக் காத்தது ஒரு பௌத்தர், மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன்.

1697இல் கண்டியில் அம்மை பரவியது. பெற்ற பிள்ளைகளே தாய் தகப்பனைக் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவந்த காலம். வாஸ் அடிகள் குடிசைகள் அமைத்து நோயாளரைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைத் தம் கையால் அடக்கம் செய்தார். இன்ன மதம் என்று பார்க்கவில்லை. 1711 சனவரி 16இல் இறந்த அவரை, 2015 சனவரி 14 அன்று காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிசு புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் வந்தார். வாஸ் அடிகளின் வழியில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவசுகாலத்தில் இன்றும் வடபுலக் கோயில்களில் ஓதப்படுகிறது. பேசாலையின் பாஸ் என்னும் திருப்பாடுகளின் நாடகம், மாதோட்டத்துக் கூத்து, வாசாப்பு எல்லாம் இந்த மண்ணின் விசுவாசம் பேசும் மொழிகள்.

சபைக்குப் போகும் தம்பியின் கேள்விக்கு இப்போது வரலாம். அவர் சொல்வது: சுருபத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றுவதும் பாம்புக்கடிக்கு மடு மண்ணைப் பூசுவதும் விசுவாசம் ஆகா, வளர்ந்தபின் தானே முடிவெடுத்து, பாவத்தை விட்டு, தண்ணீரில் மூழ்கி எழ வேண்டும். இந்தக் குரலை 'அல்லேலூயாக்காரர்' என்று கேலி பேசித் தள்ளுவது தவறு. உள்நாட்டுப் போரில் எல்லாம் இழந்தவர் பலருக்கு, பெரிய பங்குகளில் கிடைக்காத தோள் சின்னச் சபைகளில் கிடைத்தது. குடியை விட்டவர் உண்டு, மனைவியை அடிப்பதை நிறுத்தியவர் உண்டு. அது மெய்யான கனி. ஆயினும் தன் தாயின் செபமாலையைக் குப்பை என்று சொல்லும் உரிமையை அந்த அனுபவம் அவருக்குத் தரவில்லை. செத்த உடலைக்கூட 'எங்கட சவக்காலையில் புதைக்க விடமாட்டோம்' என்று சபைக்காரரைத் தடுக்கும் பழக்கமும் இலங்கையின் சில ஊர்களில் உண்டு. தோம்பை வைத்து மிரட்டிய ஒல்லாந்தருக்கும் அதைச் செய்கிற கத்தோலிக்கருக்கும் வேறுபாடு சொல்வது கடினம்.

பூசையா, பிரசங்கமா என்ற வாதம் ஒதுங்கிப்போன நாட்களும் இந்த மாவட்டத்தில் வந்தன. 1984 டிசம்பர் 13 அன்று, முருங்கனில் பணிசெய்த மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் படையினரால் கொல்லப்பட்டார். அவரோடு கொல்லப்பட்டவர்களில் அவருடைய முஸ்லிம் சாரதியும் ஒருவர். அந்தப் போதகரின் மனைவி சிங்களவர். மூன்று வாரங்கள் கழித்து, 1985 சனவரி 6 அன்று, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் தம் ஆலய வளவிலேயே சுடப்பட்டார். அவருடைய உடல் மக்களிடம் கையளிக்கப்படவே இல்லை. ஒருவர் சீர்திருத்த மரபு, ஒருவர் கத்தோலிக்கர். ஆபத்து வந்ததும் இருவரும் மக்களை விட்டுப் போகவில்லை. மெய்யான விசுவாசியைத் தேடுகிறவர் இந்த இரண்டு பெயரையும் சேர்த்தே உச்சரிக்க வேண்டும்.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது? இரண்டு எண்ணும் அரச அலுவலகங்களும் ஐ.நா.வும் தந்தவை. ஆயர் அரசியல் பேசுகிறார் என்று பலர் குறை சொன்னார்கள். காணாமற்போன ஆட்டைத் தேடுவது மேய்ப்பனின் முதல் வேலை. 146,679 என்பது அந்தத் தேடலின் பெயர். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறக்கும் வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

நம் துன்பத்தைப் பேசுவது நமக்கு எளிது. பிறர் துன்பத்தில் நாம் எங்கே நின்றோம் என்பதையும் பேச வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் மக்கள் வீடு, நகை, கடை எல்லாம் விட்டு, கடல்வழியே கற்பிட்டிக்குப் போனார்கள். வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். பல தலைமுறை அயலவர்கள். அவர்களுக்காக மணியடித்த கோயில் எது, மறித்து நின்ற ஊர் எது என்பதை மன்னார்க் கிறிஸ்தவர்கள் தங்களிடமே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

2019 மார்ச் 3. சிவராத்திரிக்கு முதல் நாள். மாந்தைச் சந்தியில், லூர்து அன்னை ஆலயத்துக்கு அருகே, திருக்கேதீச்சரம் போகும் வீதியில் நிறுத்தப்பட்ட வளைவைக் கத்தோலிக்கர் கூட்டம் ஒன்று பிடுங்கி எறிந்தது. காணொளி நாடு முழுக்கப் பரவியது. நந்திக்கொடி அவமதிக்கப்பட்டதாகச் சைவர்கள் நெஞ்சு நொந்தார்கள். விடயம் நீதிமன்றம் வரை போயிற்று. காணி எல்லை, அனுமதி, ஆலயத்தின் முகப்பு மறைவது என்று கத்தோலிக்கத் தரப்பிலும் வாதங்கள் இருந்தன. அவற்றைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அன்றைக்குக் கம்பியைப் பிடித்து இழுத்த கைகள் எல்லாம் தவசுகாலத்தை எதிர்நோக்கியிருந்த கைகள். மூன்று நாளில், திருநீற்றுப் புதன் அன்று, அவற்றுக்குரியோர் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டார்கள். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்துக் கடைசித் தீர்ப்பில், பசித்தவனுக்கும் அந்நியனுக்கும் என்ன செய்தாய் என்பதே கேட்கப்படுகிறது. அங்கே தோம்பும் இல்லை, வம்சமும் இல்லை, எந்த ஆண்டில் இரட்சிக்கப்பட்டாய் என்ற விசாரணையும் இல்லை.

ஆகவே மன்னாரின் பங்குகளுக்கும் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகள் 1544ஐப் படிக்கிறார்கள்; நல்லது. அதே வகுப்பில் 1545இன் சரக்குக் கப்பலையும், இடிந்த திருக்கேதீச்சரத்தையும், 1990ஐயும், 2019ஐயும் சேர்த்துப் படிக்கட்டும். உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளைத் தோட்டவெளிக்குக் கூட்டிப் போகும் வாகனம், அதே நாளில் எருக்கலம்பிட்டிக்கும் போகலாம். திரும்பி வந்து குடியேறிய முதியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் போன கதையைச் சொல்வார்கள், பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கட்டும். மாந்தைச் சந்திக்கும் போய்ச் சிறிது நேரம் இறங்கி நிற்கலாம்.